பழைய ஆளுக்கு ஒரு விலை

இந்த வாரம் மஞ்சள் வேகவைக்கிறதைப் பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அதுக்குள்ள வேற ஒரு சங்கதி மனசுல வந்து உட்கார்ந்துக்கிச்சு. அதை இறக்கி வெச்சுட்டு மஞ்சளுக்கு வர்றேன்.

எங்க மூணரை ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு கிணறு, அதுல ஏழரை ஹெச்.பி. மோட்டார். டவுன்ல இருக்கிற உங்களுக்குக் கரண்ட்டுனா சுவிட்சைப் போட்டதும் வர்றது. தோட்டத்துல மோட்டார் ஓட்டுற த்ரீ பேஸ் கரண்ட் அப்படி இல்லீங்க. பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரியில கொஞ்ச நேரம்னு முறை வெச்சு விடுவாங்க. ராத்திரி முறைன்னா ஒரு கையில டார்ச், ஒரு கையில தடியோட சாளையில இருந்து கிணத்து மேட்டுக்கு நடக்கணும். மோட்டாரைப் போட்டுட்டு வந்து படுத்தா, நடுவுல கரண்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஒரு தடவை வரப்புல கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. ரெண்டு அடி தூரம். அன்னைக்கே என் வீட்டுக்காரி, "இனிமே ராத்திரி தனியா போனா நானும் கூட வருவேன்"னு சொல்லிட்டா.

அதனாலதான் 2021 தை மாசம் செல்போன்ல மோட்டாரை ஓட்டுற ஸ்டார்ட்டர் பெட்டி ஒண்ணு வாங்கினேன். விலை 6,500. பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு. செல்லுல ஒரு ஆப். கரண்ட் வந்தா செய்தி வரும். படுத்த இடத்துல இருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணத்துல தண்ணி இறங்கிட்டா அதுவே நிறுத்திக்கும். எங்க பக்கத்துல முதல்ல வாங்கினது நான்தான். என் கிணத்து மேட்டுல வந்து பார்த்துட்டுத்தான் இன்னும் நாலு பேர் வாங்கினாங்க.

மார்கழிக் கடைசியில ஒரு செய்தி வந்தது. பழைய ஆப் தை மாசத்தோட நின்னுடுமாம். புது ஆப் வருதாம். அதுக்கு வருசச் சந்தா 1,200 ரூபாய். கட்டலைன்னா பெட்டி வெறும் சுவிட்ச்தான், கிட்டப் போய் அமுக்கணும்.

வாங்கின கடைக்குப் போனேன். அங்கே அதே கம்பெனியோட புதுப் பெட்டி இருந்தது. விலை 5,900. மூணு வருசச் சந்தா அதுலயே அடக்கம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பெட்டிக்கு 6,500, மூணு வருசச் சந்தா 3,600, ஆகமொத்தம் 10,100. நேத்து வந்த ஆளுக்கு 5,900. கடைக்காரத் தம்பிகிட்ட, "முதல்ல நம்பி வாங்கின எனக்கு 4,200 அபராதமாப்பா?"ன்னு கேட்டேன். "அது புதுசா வர்றவங்களுக்கு ஆஃபருங்கண்ணா"ன்னான். அவன் மேல தப்பில்லை, அவன் விக்கிறவன்.

பையன் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறான். போன்ல புலம்பினேன். அவன் பொறுமையாத்தான் சொன்னான். "அப்பா, நீங்க பட்டனைத் தொட்டா அது நேரா மோட்டாருக்குப் போறதில்லை. கம்பெனியோட சர்வருக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்கு வருது. அந்த சர்வர் ராத்திரி பகலா ஓடணும். புது மாடல் போன் வர வர ஆப்பை மாத்தி எழுதணும். அதுக்கு ஆளு, சம்பளம். ஒரே தடவை வாங்கின 6,500-ஐ வெச்சு எத்தனை வருசம் ஓட்டுவாங்க? அஞ்சு வருசம் நிம்மதியா தூங்கினீங்களே, வருசத்துக்கு 1,300 தானே ஆச்சு. அதையும் கணக்குல சேருங்க."

சொன்னது நியாயமாத்தான் பட்டது. விதை, உரம், கூலின்னு எல்லாத்துக்கும் வருசா வருசம் குடுக்கிற எனக்கு இது புரியாம இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ உறுத்திக்கிட்டே இருந்தது.

மஞ்சள் மண்டியில கணக்கு எழுதுற மாப்ள ஒருத்தர்கிட்ட அதைச் சொன்னேன். அவர் டேலியிலதான் கணக்குப் போடுறார். அதுல நிரந்தர லைசென்ஸ் ஒரு தடவை வாங்கிட்டா நம்மளுது. டி.எஸ்.எஸ்.னு தனியா ஒரு சந்தா இருக்கு. அதைப் புதுப்பிச்சா புதுப் பதிப்பு வரும். புதுப்பிக்கலைன்னா புதுசு வராது, ஆனா கையில இருக்கிறது பாட்டுக்கு ஓடும். "2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ பழைய பதிப்பு அதுக்கு உதவலை. சந்தாவைக் கட்டித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு மாமா. முனகிக்கிட்டே கட்டினோம். ஆனா அதுவரைக்கும் எழுதின கணக்கை யாரும் பூட்டலை"ன்னார்.

பையனும் ஒரு சேதி சொன்னான். போட்டோ ஸ்டூடியோக்காரங்க ஆல்பம் பண்ற போட்டோஷாப் இருக்கில்லைங்களா? 2012-ல வந்த சி.எஸ்.6 பதிப்பு அமெரிக்காவுல புதுசா வாங்குறவங்களுக்கு 699 டாலர். முந்தின பதிப்பு வெச்சிருந்தவங்களுக்கு 199 டாலர்தான். பழைய ஆளுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்திருக்கு. 2013-ல அடோபி கம்பெனி, இனிமே புதுப் பதிப்பெல்லாம் சந்தாவுக்குத்தான்னு மாத்திடுச்சு. பழைய வாடிக்கைக்காரங்களுக்குக் கோபம் வந்தது. ஆனா காசு குடுத்து வாங்கின சி.எஸ்.6 அன்னைக்கே நின்னுடலை. வெச்சிருந்தவங்க அதுக்கப்புறமும் ஓட்டினாங்க.

இதைக் கேட்டப்போதான் எனக்கு எங்க ஊர் ஆசாரி ஞாபகம் வந்தார். என் சின்ன வயசுல அவருக்கும் வருசச் சந்தாதான். அறுவடையில களத்துலயே நெல்லோ சோளமோ அளந்து குடுத்துடுவாங்க. வருசம் பூரா மம்பட்டி, அருவா, கொழு எல்லாம் தட்டித் தருவார். அந்தக் காலத்து மேல் கீழ் எல்லாம் திரும்பணும்னு நான் சொல்லலைங்க, அது போனதே நல்லது. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஒரு வருசம் நீங்க தவசம் அளக்கலைன்னா, அடுத்த தடவை மம்பட்டியைத் தட்டித் தரமாட்டார். ஆனா ஏற்கெனவே தட்டிக் குடுத்த மம்பட்டியைத் தோட்டத்துக்கு வந்து மழுக்கிட்டுப் போகமாட்டார்.

எனக்கு உறுத்தினது இதுதான். புதுசா ஒரு வசதி பண்ணி, அதுக்குக் காசு கேட்டா குடுக்கலாம், குடுக்காம இருக்கலாம். அது வியாபாரம். சர்வருக்குச் செலவு ஆகும்னா, விக்கிற அன்னைக்கே "அஞ்சு வருசம்தான், அப்புறம் சந்தா"ன்னு சொல்லி வித்திருக்கலாம். நான் அதையும் கணக்குப் பண்ணி வாங்கியிருப்பேன். ஒண்ணும் சொல்லாம வித்துட்டு, பழகினதுக்கப்புறம், ராத்திரியில நடக்க முடியாத வயசுல கதவைச் சாத்திட்டு சாவிக்குக் காசு கேட்கிறது நியாயம் இல்லை.

இதோட முடிச்சிருந்தா நான் நல்லவன். ஆனா இன்னொரு கதையும் இருக்கு.

தேங்காய் எண்ணெயை நான் செக்குல ஆட்டி நாப்பது வீட்டுக்கு நேரா அனுப்புறது உங்கள்ல சிலருக்குத் தெரியும். போன வருசம் கொப்பரை விலை ஏறினப்போ லிட்டர் 320-ல இருந்து 480 ஆக்கினேன். ஏத்தினதும் ஆர்டர் குறைஞ்சது. புது வீடுகளைப் பிடிக்கலாம்னு, புதுசா சேர்றவங்களுக்கு முதல் மூணு லிட்டர் 400-ன்னு போட்டேன். நாலு வருசமா வாங்குற கோயமுத்தூர் அம்மிணி ஒருத்தங்க போன் பண்ணினாங்க. "ஏனுங்கண்ணா, என் தங்கச்சி இப்பத்தான் உங்ககிட்ட சேர்ந்தா, அவளுக்கு 400. எனக்கு 480-ங்களா?" நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அது புதுசா வர்றவங்களுக்கு ஆஃபருங்க அம்மிணி." கடைக்காரத் தம்பி என்கிட்ட சொன்ன அதே வார்த்தை. அதுக்கப்புறம் அவங்க ஆர்டர் வரலை. நானும் அதைப் பெருசா நினைக்கலை, கடையில போய் நான் அந்த வார்த்தையைக் கேட்கிற வரைக்கும்.

ரெண்டும் ஒண்ணு இல்லைதான். அந்த அம்மிணி வாங்கிட்டுப் போன எண்ணெயை நான் பூட்டலை. அது கம்பெனி பண்ணினது, அநியாயம். புது ஆளுக்குக் குறைச்சு, பழைய ஆளுக்குக் கூட்டினது ரெண்டு பேருமே பண்ணினோம். அது மரியாதைக் குறைவு. சட்டத்துல தப்பு இல்லை, மனசுல தப்பு. பழைய ஆளு நம்ம மேல வெச்ச நம்பிக்கையை, இவங்க எங்கே போயிடப் போறாங்கன்னு நாம எடைபோட்டுட்டோம்.

அந்த அம்மிணிக்குப் போன் பண்ணி, தப்பு என்னுதுன்னு சொன்னேன். இனிமே ஆஃபர்னா நாப்பது வீட்டுக்கும் ஒரே மாதிரி. விலை ஏறினா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுவேன். "அடுத்த தடவை பார்க்கலாங்கண்ணா"ன்னாங்க. பார்க்கலாம்.

கம்பெனிக்குத் தமிழ்லயே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பழைய பெட்டிக்காரங்களுக்கு ஆன் பண்றது, ஆஃப் பண்றது ரெண்டை மட்டுமாவது காசில்லாம விடுங்க, மத்ததுக்கு வாங்கிக்கோங்கன்னு. பதில் இன்னும் வரலை. அதுவரைக்கும் என்ன பண்றது? 1,200-ஐக் கட்டிட்டேன். நியாயம்னு கட்டலைங்க, முட்டி வலிக்குக் கட்டினேன். வீட்டுக்காரியைப் பாதி ராத்திரியில கூட நடக்க வைக்க முடியாதில்லைங்களா.

உங்கள்ல இந்த மாதிரி ஆப்புக்கு விலை வைக்கிற வேலையில யாராவது இருந்தா, புது விலை போடுறப்போ ஒரு நிமிசம் முதல் முதல்ல நம்பி வாங்கினவங்களை நினைச்சுப் பாருங்க. அவங்கள்ல யாராவது இப்போ இருட்டுல டார்ச்சைத் தேடிக்கிட்டு இருக்கலாம்.

மஞ்சள் அடுத்த வாரம்.