இடரை அளந்த பேராசிரியர்

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சான்டியாகோ நகரில் பேராசிரியர் ஹாரி மார்க்கோவிட்ஸ் தமது 95-ஆம் வயதில் காலமானார். நிதியியல் பயிலும் எவரும் அவர் பெயரைக் கடந்து செல்ல இயலாது. ஓய்வூதிய நிதிகளையும் பரஸ்பர நிதிகளையும் நிருவகிப்போர் உலகெங்கும் போடும் கணக்குகளுக்கு அடித்தளம் இட்டவர் அவர். வணிகவியல் பிரிவு மாணவியர் மட்டுமன்றி, மற்ற மாணவியரும் பெற்றோர்களும்கூட அவரைப் பற்றி அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இதை எழுதுகின்றேன்.

நான் அவரை நேரில் கண்டதில்லை. முதுகலை வணிகவியல் படித்தபோது பாடநூலின் ஓர் அத்தியாயத்தில்தான் அவரைச் சந்தித்தேன். ஆயினும் அவருடைய மறைவுச் செய்தியைப் படித்த அன்று, எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் போய்விட்டார் என்றே உள்ளம் வருந்தியது. அதற்குக் காரணம் உண்டு.

என் தந்தையார் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 1990-களில் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகை முழுவதையும் ஒரே நிதி நிறுவனத்தில் போட்டுவைத்தார். வங்கி தருவதைக் காட்டிலும் மிகுந்த வட்டி. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அந்த அலுவலகத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் நின்ற கூட்டத்தில் என் தந்தையும் ஒருவர். அம்மா தபால் நிலையத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பணமும், வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளுமே என்னைக் கல்லூரிக்கு அனுப்பின. அதன்பின் அப்பா அதிகம் பேசுவதில்லை. “ஒருத்தனை நம்பினது தப்பாம்மா?” என்று மட்டும் அவ்வப்போது என்னிடம் கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் மார்க்கோவிட்ஸ் அவர்களின் பாடத்தில் இருந்தது.

மார்க்கோவிட்ஸ் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். பெற்றோர் சிறு மளிகைக் கடை நடத்தி வந்தனர். 1930-களில் அமெரிக்காவையே வாட்டிய பெரும் பொருளாதார மந்தத்தைத் தாம் உணரவே இல்லை என்று பின்னாளில் அவர் எழுதியுள்ளார். அந்த அளவுக்குப் பெற்றோர் குறைவின்றி வளர்த்தனர். பள்ளிப் பருவத்திலேயே டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞரின் நூலைப் படித்தார். ஒரு பந்தை ஆயிரம் முறை கைவிட்டு, ஆயிரம் முறையும் அது கீழே விழுந்தாலும், அடுத்த முறையும் விழுந்தே தீரும் என்பதற்கு அது முடிவான சான்றாகாது என்பது ஹியூமின் வாதம். இந்த வாதம் அச்சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது. இரண்டு ஆண்டுகள் தவறாமல் வந்த வட்டி மூன்றாம் ஆண்டும் வரும் என்று யார் உறுதி கூற முடியும்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தம் பேராசிரியரைக் காண அறைக்கு வெளியே காத்திருந்தார். அங்கே காத்திருந்த பங்குத் தரகர் ஒருவர் பேச்சுவாக்கில், பங்குச் சந்தையைக் கணித முறையில் ஆராயலாமே என்றார். மார்க்கோவிட்ஸ் நூலகம் சென்று அத்துறை நூல்களைப் படிக்கலானார். எதிர்பார்க்கும் வருவாயைக் கொண்டு பங்கின் மதிப்பை அறியும் வழி அங்கே இருந்தது. அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. வருவாய் ஒன்றையே பார்ப்பதானால், மிகுதியாகத் தரும் ஒரே இடத்தில் அல்லவா முழுப் பணத்தையும் போட வேண்டும்? ஆனால் விவரம் அறிந்தோர் அப்படிச் செய்வதில்லையே! அவர்கள் வருவாயோடு இடரையும் எண்ணிப் பார்க்கின்றனர். அப்படியானால் அந்த இடரை அளக்க வேண்டும்.

அளப்பதற்கு அவர் எடுத்த கோல் நமக்குப் புதியதன்று. பத்தாம் வகுப்பில், “இது எதற்கு டீச்சர்?” என்று சலித்துக்கொண்டே போடுகிறீர்களே, அந்தத் திட்ட விலக்கமும் விலக்க வர்க்கச் சராசரியுமே அது. சராசரி வருவாயிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் வருவாய் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே இடரின் அளவு என்றார் அவர்.

அவரது கருத்தை எளிய கணக்கால் விளக்குகின்றேன். ஒரு தெருவில் மழைக்கோட்டுக் கடை ஒன்றும் சர்பத் கடை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மழை மிகுந்த ஆண்டில் மழைக்கோட்டுக் கடையில் போட்ட 100 ரூபாய்க்கு 20 ரூபாய் இலாபம். சர்பத் கடையில் ஒன்றுமில்லை. வெயில் மிகுந்த ஆண்டில் இது தலைகீழ். இருவகை ஆண்டுகளும் சரிபாதி வருமானால், எந்தக் கடையில் போட்டாலும் சராசரி 10 ரூபாய்தான். ஆனால் ஓர் ஆண்டு விருந்து, ஓர் ஆண்டு பட்டினி. ஒவ்வொன்றிலும் 50 ரூபாய் போட்டால், மழை வந்தாலும் வெயில் காய்ந்தாலும் 10 ரூபாய் கிடைக்கும். சராசரி குறையவில்லை, ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டது.

“தனிமரம் தோப்பாகாது” என்பர் நம் முன்னோர். மார்க்கோவிட்ஸ் அதற்கு மேலும் ஒருபடி சென்றார். ஒரே இன மரங்கள் நூறு நட்டாலும் ஒரு நோய் வந்தால் அத்தனையும் பட்டுப்போகும். இரண்டு மழைக்கோட்டுக் கடைகளில் பணம் போடுவதால் பயனில்லை. எத்தனை இடத்தில் போடுகிறோம் என்பதோடு, அவை ஒன்றாக விழுமா, ஒன்று விழுந்தால் மற்றொன்று நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். இதுவே அவர் உலகுக்குத் தந்த புதுமை. 1952-ஆம் ஆண்டில் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ என்ற ஆய்விதழில் 15 பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 24.

புதுமைக்கு எதிர்ப்பும் உண்டல்லவா? வாய்மொழித் தேர்வின்போது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மன், கணக்கில் தவறில்லை என்றாலும் இது பொருளாதாரமே அன்று, இதற்குப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் தர இயலாது என்று வாதிட்டார். மார்க்கோவிட்ஸ் வெளியே காத்திருக்கும்படி அனுப்பப்பட்டார். ஐந்து நிமிடங்கள் கழித்து வந்த அவர்தம் பேராசிரியர் ஜேக்கப் மார்ஷாக், அவரை ‘டாக்டர்’ என்றழைத்து வாழ்த்துக் கூறினார். 1990-ஆம் ஆண்டு மெர்ட்டன் மில்லர், வில்லியம் ஷார்ப் ஆகியோருடன் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றபோது, மார்க்கோவிட்ஸ் தம் உரையில் அந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். அன்று தம் ஆய்வு பொருளாதாரத்தின் பகுதியாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, இன்று அது பகுதியாகிவிட்டது என்று இனிமையாக முடித்தார். தம்மை மறுத்தவரைப் பற்றிப் பேசும்போதும் அவர் சொல்லில் கசப்பு இல்லை.

உடன் பரிசு பெற்ற ஷார்ப், ஒருவகையில் அவருடைய மாணவரே. நூறு நிறுவனப் பங்குகள் என்றால், எது எதனோடு சேர்ந்து அசைகிறது என்று 4,950 இணைகளைப் பார்க்க வேண்டும். அக்காலக் கணிப்பொறிகளுக்கு இது பெரும் சுமை. மார்க்கோவிட்ஸின் வழிகாட்டுதலில் ஆராய்ந்த ஷார்ப், 1963-இல் இக்கணக்கை எளிமையாக்கி வெளியிட்டார். வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த இளைஞருக்கு, எந்தக் கடமையும் இல்லாத நிலையில், நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுத்தவர் மார்க்கோவிட்ஸ். பின்னர் நியூயார்க்கின் பரூக் கல்லூரியிலும், முதுமையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்திலும் பேராசிரியராக விளங்கினார்.

அவர் தம் சொந்தச் சேமிப்பை எவ்வாறு பிரித்தார் தெரியுமா? இளமையில் தம் ஓய்வூதியப் பணத்தைச் சரிபாதி பங்குகளிலும் சரிபாதி கடன்பத்திரங்களிலும் போட்டாராம். பங்குகள் ஏறும்போது தாம் அதில் இல்லையே என்றும், சரியும்போது முழுவதும் அதில் மாட்டிக்கொண்டோமே என்றும் வருந்த நேரிடும்; அந்த வருத்தத்தைக் குறைக்கவே இவ்வாறு செய்ததாக அவரே கூறியிருக்கிறார். இத்தனை பெரிய கணித மேதையும் வீட்டுக்கு வந்தால் நம்மைப்போல் நாளையை எண்ணிக் கவலைப்படும் மனிதர்தாம்!

இந்தப் பாடத்தைப் படித்த விடுமுறையில் அப்பாவிடம் மழைக்கோட்டுக் கடையும் சர்பத் கடையுமாகச் சொல்லி விளக்கினேன். நம்பியது குற்றம் இல்லை. நம்பிக்கை பொய்த்தால் நிற்பதற்கு வேறோர் இடம் வைத்துக்கொள்ளாததே குறை என்றேன். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாட்டுத்தொழுவத்தின் பக்கம் பார்த்து, “அப்ப உங்கம்மா அந்த அமெரிக்காக்காரருக்கு முன்னாலேயே பாஸ் பண்ணிட்டா” என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவர் சிரித்துக் கண்டேன்.

அன்பு மாணவியரே, நாளை நீங்கள் சம்பாதிப்பீர்கள். உங்கள் பணத்தைக் கேட்டுப் பலர் வருவார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். எவ்வளவு போகக்கூடும், போனால் எது மிஞ்சும் என்ற கேள்விகளை நீங்கள்தாம் கேட்க வேண்டும். நாளை நடப்பதை அறிந்தவர் எவருமில்லை; அந்த அறியாமையை மறைக்காமல் அதையே கணக்கில் சேர்த்துக்கொண்டவர் பேராசிரியர் மார்க்கோவிட்ஸ். அடுத்த முறை திட்ட விலக்கக் கணக்குப் போடும்போது அப்பெருமகனாரை ஒரு கணம் நன்றியுடன் எண்ணிக்கொள்ளுங்கள்.