முதலில் வாய், பிறகு கை

குண்டசாலையில் மாமா வீட்டு முற்றத்தில் நான் தப்பு என்னும் பறையை அடிக்கக் கற்றுவருகிறேன். மாமா திகனப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். மாசி மாதக் காமன்கூத்துக்குப் பல வருடங்கள் தப்படித்தவர்.

குச்சியைத் தொடுமுன் தீ மூட்ட வேண்டும். மகாவலிப் பக்கத்து ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். சுள்ளியும் காய்ந்த இலையும் கொளுத்தி, தப்பைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிச் சூடு காட்டுவோம். விரலால் சுண்டினால் முதலில் ‘தொப்’பென்று அமுங்கிய சத்தம்தான் வரும். தோல் இறுக இறுக அது ‘டங்’கென்று எழும். சூடு ஒரே இடத்தில் தங்கினால் தோல் கெட்டுவிடும். அந்தப் பதத்தைக் காதுதான் சொல்லும்.

தப்பு தயாரானாலும் குச்சி உடனே கைக்கு வராது. “மருமகனே, மொதல்ல வாயால அடிச்சுக் காட்டு. வாயில நின்னாத்தான் கையில நிக்கும்” என்பார் மாமா. அடியைச் சொல்லிச் சொல்லி மூச்சோடு சேர்ந்த பிறகுதான், இடக்கைக்கு நீண்ட மெல்லிய குச்சியும் வலக்கைக்குத் தடித்த குட்டைக் குச்சியும் வரும். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமன்கூத்தில் மதனும் ரதியும் ஆடிவர இன்னோர் அடி. அந்தக் காலத்தில் விடியுமுன்னே தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள் கூடும் இடத்துக்கு, கூப்பிட்டதும் இதே தப்புதான். வேலைக்கு அழைத்த சத்தத்தை இரவில் கூத்தாக்கியவர்கள் நம் ஆட்கள். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

முதலில் வாயால் கற்பது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமல்ல. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுப் பைப் வாத்தியக்காரர்களும் தங்கள் இசையை அசைகளாகப் பாடித்தான் சீடர்களுக்குக் கொடுத்தார்கள். நம் தோட்டங்களுக்கும் அந்த நாட்டோடு தொடர்புண்டு. 1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அவர் பிறந்த வடகிழக்குப் பகுதியில் பண்ணையாட்கள் தங்கள் கொட்டடிகளில் பாடிய பாட்டுகள் பிரபலமானவை. பண்ணையின் பேரைச் சொல்லியே, மோசமான சாப்பாட்டையும் கறாரான எசமானையும் பழித்துப் பாடினார்கள். துரையையும் கங்காணியையும் பாட்டில் இழுத்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்கொட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அங்கிருந்து ஹேமிஷ் ஹெண்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் பாட்டுக்காரர்களைத் தேடிப்போய் அவர்கள் குரலையே பதிவு செய்தார்கள். நமக்கு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். அந்தப் பெரிய உழைப்பால் சொற்கள் நிலைத்தன. ஆனால் எந்த அடிக்கு எந்த வரி விழும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை அடிப்பவர் எதிரே உட்கார்ந்துதான் கற்க முடிகிறது.

தப்பைச் சாதியோடு சேர்த்துத் தாழ்த்திப் பேசியதால் அதைக் கீழே வைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்து இந்த அறிவை இழக்க நமக்கு உரிமையில்லை. மாமாவின் அடிகளைக் கைபேசியில் பதிந்துவைக்கிறேன். அதோடு, கற்ற வரைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டேன். அடுத்த மாசிக் கூத்தில் அவர்களும் குச்சி பிடிக்க வேண்டும்.