மொட்டைமாடிக்குக் கீழே ஒரு வீடு: திருவல்லிக்கேணியின் கோடை

திருவல்லிக்கேணிக்காரர்களிடம் கோடையைப் பற்றிக் கேட்டால், வெயிலை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். 'காத்து எப்போ திரும்பும்?' மே மாதத்தில் டீக்கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் என்று எல்லா இடத்திலும் இதுதான் கேள்வி. மெரினா நடந்து போகிற தூரம். மதியத்துக்குள் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். மேற்கிலிருந்து அடிக்கும் அனல் அதை மறித்துவிட்டால் ஊரே அடுப்பு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த நாளைப் பற்றிச் சொல்ல இங்கே எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது.

ஆனால், கடல் காற்று வந்தாலும் நுழையாத இடம் ஒன்று இந்த ஏரியாவில் உண்டு. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடு.

பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்னால் பிரியும் சந்து ஒன்றில் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். தரைத்தளம் நூறு வயதைத் தாண்டியது. திண்ணை, தேக்குத் தூண், கூடத்தில் சிவப்புத் தரை. காலை பதினோரு மணிக்கும் அங்கே ஃபேன் இல்லாமல் உட்கார முடிகிறது. முதல் மாடி எழுபதுகளில் கட்டியதாம். இரண்டாவது மாடி அதற்கும் பிறகு. படியேற ஏற, யாரோ போர்வையை மேலே போர்த்திக்கொண்டே வருவது போல இருந்தது. இரண்டாம் மாடிக் கதவைத் திறந்ததும் கண்ணாடி பனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வீட்டுக்குள் இத்தனை வித்தியாசம் ஏன்? தலைக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் பதில் தெரியும். கீழ்த்தளத்துக் கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அதன்மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இத்தனை அடுக்கையும் தாண்டித்தான் வெயில் உள்ளே வரவேண்டும். இன்சுலேஷன் என்ற வார்த்தை தெரியாமலேயே இன்சுலேஷன் செய்திருக்கிறார்கள்.

மேல் மாடியில் இருப்பது ஐந்து அங்குலக் கான்கிரீட். அதன்மேல் பெயருக்கு ஒரு சிமென்ட் பூச்சு, வருஷக்கணக்கான பாசியில் கறுத்துப்போனது. இப்படிப்பட்ட தரை மே மாத மதியத்தில் 60 டிகிரி வரை சூடாகும். சுவருக்கு ஒரு வேளை நிழலாவது கிடைக்கும். மொட்டைமாடிக்குக் காலை முதல் மாலை வரை விடுப்பே கிடையாது. கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலத்திலிருந்து நிதானமாகக் கீழே இறக்க ஆரம்பிக்கும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் இரவு பதினொரு மணிக்கு அந்த அறையில் படுக்க முடிவதில்லை.

"ஃபேன் போட்டா மேல இருக்கிற சூட்டைத்தாம்மா கீழ தள்ளுது. நைட்டெல்லாம் ஈரத்துண்டை நெஞ்சு மேல போட்டுட்டுப் படுப்பேன்" என்றார் அங்கே வாடகைக்கு இருக்கும் பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மகன் ஏசி வாங்கித் தந்திருக்கிறார். அதைப் போட்டால் வேறு பயம். இரண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் ஸ்லாப் மாறும், முந்தைய யூனிட்டுகளின் கட்டணமும் கூடும். இதை எனக்கு மீட்டர் ரீடர்போல விளக்கினார். அதனால் ஏசி இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். சுடுகிற கூரைக்குக் கீழே ஓடும் ஏசி, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

அந்த ஓட்டையை அடைக்க முடியுமா? முடியும், வீட்டை இடிக்காமலே. பழைய கட்டடங்களில் நாற்பது வருஷமாக வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவரை மாடிக்கு அழைத்துப் போனேன். மனிதர் முதலில் பார்த்தது வெயிலை அல்ல, தண்ணீர் போகும் வழியை. "வாட்டம் சரியில்லம்மா. மழைத்தண்ணி இந்த மூலையில நிக்குது. ஒழுகுற தளத்துக்கு மேல எதைப் போட்டாலும் காசு வேஸ்ட்." விரிசலை அடைத்து, வாட்டம் சரிசெய்து, வாட்டர் புரூஃபிங் முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்கிறார். இணையத்தில் வரும் 'வீட்டைக் குளிர்விக்க ஈஸி டிப்ஸ்' எதிலும் இது முதல் வரியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இருப்பதிலேயே மலிவான வழி வெள்ளை அடிப்பது. சுண்ணாம்பு, கொஞ்சம் ஒயிட் சிமென்ட், ஒட்டிக்கொள்ள ஃபெவிகால். அல்லது கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட். வெள்ளைத் தரை வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும், பெயின்ட் சில வருஷம் நிற்கும். இரண்டுக்கும் எதிரி தூசி. அழுக்கானால் கறுப்புத் தரைதான். மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வரலாம், அது தனி.

அடுத்தது, பழைய முறையிலேயே சுண்ணாம்பு ஜல்லித் தளம், கொத்தனார் பாஷையில் 'சுருக்கி', அதன்மேல் தட்டோடு அல்லது வெள்ளைக் கூலிங் டைல்ஸ். பலன் நன்றாக இருக்கும். ஆனால் எடை அதிகம். பழைய கட்டடம் தாங்குமா என்று இன்ஜினீயர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. எடை வேண்டாம் என்றால் கெட்டியான தெர்மோகோல் அல்லது எக்ஸ்.பி.எஸ் அட்டை. சூட்டைத் தடுப்பதில் ஓர் அங்குலத் தெர்மோகோல் சுமார் நாற்பது அங்குலக் கான்கிரீட்டுக்குச் சமம். இதை அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்காகப் போடுவதைவிட மாடியின் மேலே, வாட்டர் புரூஃபிங்குக்கு மேல் பதித்து டைல்ஸால் மூடுவது நல்லது. அப்போது கான்கிரீட்டே சூடாகாது. உள்ளே போட்டால், கூரை ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

கீழ்த்தளத்துக் கூரையின் ஒரு பகுதி முற்றத்தை ஒட்டி இன்னும் வெயிலில் கிடக்கிறது. அதையும் டைல்ஸ் போட்டு மூடிவிடலாமா என்று கேட்டதற்குக் கொத்தனார் பதறிவிட்டார். "அய்யய்யோ, சிமென்ட் போட்டுப் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், கட்டை உளுத்துடும். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புதான்." நூறு வருஷத் தேக்கு, தவறான ஒரு ரிப்பேரில் போய்விடும்.

சரி, வழி தெரிகிறது. ஏன் இந்த மாடிகளில் இது நடப்பதில்லை? மொட்டைமாடி வீட்டுக்காரருடையது, கரன்ட் பில் குடியிருப்பவருடையது. செலவு செய்பவர் ஒருவர், பலன் அடைபவர் இன்னொருவர். இந்த வீட்டின் சொந்தக்காரர் நங்கநல்லூரில் இருக்கிறார், கெட்டவர் இல்லை. அந்த அறையில் அவர் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை, அவ்வளவுதான். மேன்ஷன்களும் போர்ஷன்களும் நிறைந்த திருவல்லிக்கேணியில் கடைசி மாடி என்றாலே வாடகைக்காரர் மாடிதான்.

சட்டமும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' கூரை வழியே எவ்வளவு சூடு இறங்கலாம் என்று அளவு வைத்திருக்கிறது, ஆனால் அது புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு. 2010 வெப்ப அலைக்குப் பிறகு விழித்துக்கொண்ட அகமதாபாத், குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃபுக்கென்றே கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் ஒரு துளியைக் கூரைக்கு முன்கூட்டியே செலவழிக்கலாம்.

பாட்டி காத்திருக்கவில்லை. பேரனை வைத்து, படுக்கையறைக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்துவிட்டார். மாடியில் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். கறுப்புப் பக்கத்தில் இரண்டு நொடி தாங்கவில்லை, வெள்ளைப் பக்கத்தில் நிற்க முடிந்தது. "சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஈரத்துண்டு தேவைப்படல" என்கிறார். சுண்ணாம்புச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள நங்கநல்லூர்க்காரர் போனிலேயே சரி சொல்லிவிட்டார். கூலிங் டைல்ஸ் பேச்சை எடுத்தபோது, "மழை முடியட்டும், பார்க்கலாம்" என்றாராம். மழைக்கு முன்னால் முடித்தால்தான் உண்டு என்பது கொத்தனாரின் வாதம். ஐப்பசி வருவதற்குள் தளம் காய்ந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் வாடகை வாங்க வரும்போது வீட்டுக்காரரை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் பாட்டி.