தலைவலி என்றால் நம்புங்கள்



சூனேமிய ஸ்திரீயின் மகனை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4). அறுப்பு நடக்கும் வயலில் அந்தப் பிள்ளை தலை நோகிறதென்று தகப்பனிடம் அலறினான். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உடனே தாயிடம் அனுப்பினான். தாய் அவனை மடியில் ஏந்திக்கொண்டாள். அவன் சொன்னதை அவர்கள் நம்பினார்கள்.

நான் அப்படி நம்பவில்லை. நம் சபையின் சகோதரி ஒருவர் உபவாச ஜெபத்துக்கு அடிக்கடி வராதிருந்தார். தலைவலி என்று சொன்னபோது, "இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வந்தார். நண்பகலில் ஆலயத்தின் பின்புறம் வாந்தியெடுத்து, வெளிச்சம் தாளாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. சிகிச்சையின்றி விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடியது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் வாட்டுவது. வெளிச்சமும் சத்தமும் அப்போது வேதனையாகும். உணவைத் தவிர்ப்பதே பலருக்கு அதைத் தூண்டிவிடும். நான் மருந்தென்று சொன்னதே அவருக்கு நோயைக் கொண்டுவந்தது.

சபையில் வேறு சிலரும் தங்களுக்கும் இவ்வேதனை உண்டென்று அவரிடம் மனந்திறந்தார்கள். தாம் தனித்தவரல்ல என்பதே அவருக்குப் பாதி ஆறுதலாயிற்று. ஒருவர் அன்பினால் தம்முடைய மாத்திரையைக் கொடுக்க முன்வந்தார். அது புரோப்ரனலால். நம் சகோதரிக்கோ ஆஸ்துமா உண்டு. அவர்களுக்கு அம்மருந்து ஆபத்தானது. ஆறுதலைப் பகிர்ந்துகொள்ளலாம், மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளலாகாது.

நரம்பியல் மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டது, கடையில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளின் கணக்கை. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ அவற்றை உட்கொண்டு வந்தால், அவையே தலைவலியை உண்டாக்கும் என்றார். வலி வந்த நாள், உணவு, உறக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். தடுப்பு மருந்தும் தந்தார். இன்று நோய் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் வலி வரும் நாட்கள் குறைந்திருக்கின்றன.

பிரியமானவர்களே, திடீரென்று இடிபோல் தாக்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவை கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள். ஒற்றைத் தலைவலியுள்ளவர்கள் உபவாச நாளில் வேளைக்கு உண்டு, நம்மோடு ஜெபியுங்கள். ஒருவரும் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார்கள். ஜெபிப்பதை நான் நிறுத்தவில்லை. ஆனால் இப்பொழுது முதலில் கேட்கிறேன், நம்புகிறேன், அதன்பின் ஜெபிக்கிறேன்.

வேதனைப்படுகிறவர்களை மடியில் ஏந்தும் தாயுள்ளத்தைக் கர்த்தர் நம் சபைக்குத் தருவாராக. ஆமென்.