லைனில் கரகரப்பு

மழைக்காலத்தில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பதுதான். டயல் டோன் சுத்தமாகக் கேட்டால் நிம்மதியாகச் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தலாம். பின்னால் கரகரவென்று இழுத்தால் அன்றைக்கு மோடம் 28,800-ஐத் தாண்டாது. கரகரப்பு விட்டு விட்டு வந்தால் இன்னும் மோசம், உட்கார்ந்தவர் மெயிலைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். கம்ப்யூட்டருக்கு உயிர் வருவதற்கு முன்பே அன்றைய பிழைப்பைக் காது சொல்லிவிடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மதுரைச் சந்துகளில் பிரவுசிங் சென்டர் போர்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அப்படி ஒரு மாடிக்கடையில் 'நெட் அண்ணன்' என்று பெயர் வாங்கியவன் நான்.

மோடம் கத்தியதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அது பேச்சாகவே கேட்டது. மறுமுனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு 'பீ' வரும். வழியிலுள்ள எதிரொலித் தடுப்புக் கருவிகளைச் சற்று ஒதுங்கச் சொல்லும் உத்தரவு அது. பிறகு இரண்டு மோடமும் மாறி மாறிக் கீச்சிட்டு, இந்த லைன் எவ்வளவு தாங்கும் என்று தட்டிப் பார்க்கும். 56 கே மோடம் என்றால் 'டொய்ங், டொய்ங்' என்று இரண்டு துள்ளல். அப்புறம் ஒரே இரைச்சல், அப்புறம் அமைதி. டொய்ங் வராமல் நேரே இரைச்சலுக்குத் தாவினால் வேகம் 33,600-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கீச்சு பாதியில் நின்று திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் கம்பியில் எங்கோ கோளாறு.

சில வீடுகளில் இந்தச் சத்தம் ஆகாது. ஏ-டி-எம்-ஜீரோ என்று கட்டளை கொடுத்து மோடத்தின் ஸ்பீக்கரை அடைத்து வைத்திருப்பார்கள். 'நெட் கனெக்ட் ஆகலை, வந்து பாருங்க' என்று கூப்பிட்டால் நான் முதலில் அதைத்தான் நீக்குவேன். நோயாளியின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியுமா? பாதி வீடுகளில் பக்கத்து அறையில் பாட்டி இன்னொரு ரிசீவரை எடுத்ததுதான் வியாதியாக இருக்கும். கால் வெயிட்டிங் வெட்டிவிடும் வீடுகளுக்கு வேறு மருந்து வைத்திருந்தேன். மறுமுனையின் ஒலி அறுந்தபின் எத்தனை நேரம் பொறுப்பது என்பதை மோடம் எஸ்10 என்ற இடத்தில் குறித்து வைத்திருக்கும், நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். அங்கே 50 போட்டால் ஐந்து நொடி தாங்கும்.

லைனே கெட்டால் 198-க்குப் புகார். லைன்மேன் அண்ணன் தோளில் டெஸ்ட் போனைத் தொங்கவிட்டபடி சைக்கிளில் வருவார். தெருவோரப் பில்லர் பெட்டியில் கவ்விக் கேட்பார், டிபி பெட்டியில் கேட்பார், கடை வாசலில் கேட்பார், ஒவ்வோர் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு. "இங்கன வரைக்கும் சுத்தமா இருக்கு தம்பி. அதுக்கு அங்கிட்டுதான்." ஈரம் ஏறிப் பச்சை பூத்த ஒரு ஜாயிண்ட்டைக் கண்டுபிடித்து வெட்டி, புதிதாக முறுக்கிவிட்டு, ரிசீவரை என் காதில் வைப்பார். கேட்டு நான் தலையாட்டிய பிறகுதான் டீ குடிப்பார்.

கடைக்குள் இருந்த பழுது வேறு சாதி. ஆரம்பத்தில் எங்கள் சிஸ்டங்களைக் கோத்தது கறுப்புக் கோ-ஆக்ஸ் ஒயர். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு டி கனெக்டர், ஒயரின் இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். எவர் முழங்காலாவது இடித்து ஓரிடத்தில் கழன்றால் கடை மொத்தமும் படுத்துவிடும். எல்லா மறைப்புக்குள்ளிருந்தும் ஏககாலத்தில் "அண்ணே!" என்று குரல் வரும். மல்டிமீட்டரை நடுக்கம்பிக்கும் வலைக்கும் வைத்துப் பார்ப்பேன். இரண்டு டெர்மினேட்டரும் ஒழுங்காக இருந்தால் 25 ஓம், 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. நடுவில் கழற்றி எந்தப் பாதி என்று பார்த்து, அந்தப் பாதியில் மறுபடி பாதியாக்கி, மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டே போனால் கடைசியில் ஏதாவதொரு யாஹூ சாட் காதலனின் செருப்பில் போய் முட்டுவேன். பிறகு ஹப் வந்தது, ஒரு ஒயர் போனால் ஒரு சிஸ்டம் மட்டும் போயிற்று. முழங்கால் தேய்வது நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை.

மறுமுனைக் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்க, 'பிங் அடிச்சுப் பாரு' என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தப் பிங்கை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில், மக்கர் செய்த ஒரு நெட்வொர்க்கைச் சரிபார்க்க ஒரே இரவில் எழுதிய சின்னப் புரோகிராம் அது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஓசைதான் பெயராயிற்று. 2000-ல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். தாம் கேட்டதிலேயே சிறந்தது என்று அவர் எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. அவ்வப்போது அறுந்த ஒரு நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர், பதில் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் 'பிங்' என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தாராம். எதை ஆட்டியபோது குரல் நின்றதோ அதுதான் குற்றவாளி. அதைப் படித்தபோது எங்கள் லைன்மேன் அண்ணனுக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி இருந்திருக்கிறான் என்று தோன்றியது.

2008 ஜனவரி 30 அன்று காதுக்கும் எட்டாத பழுது வந்தது. அப்போது டிஎஸ்எல் வந்திருந்தது. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேசர்ட் போட்டால் நாட்டுக்குள் பதில் வந்தது, வெளியே போனதும் நட்சத்திரக் குறிகளாக விழுந்தன. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலுக்கடியில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்திருந்தன. "சும்மா கதை விடாதீங்கண்ணே, ஒயரைப் பிடுங்கி மாட்டுங்க" என்றார்கள். அவர்கள் திருப்திக்காகப் பிடுங்கி மாட்டவும் செய்தேன்.

இப்போது வீட்டில் இருப்பது ஃபைபர். சத்தமே கிடையாது, போனால் சிவப்பாக ஒரு விளக்கு கண் சிமிட்டும். போன மாதம் அப்படி ஆனபோது ஒரு பையன் வந்தான். ஒயரைக் கழற்றி, ஒளியளவு காட்டும் கைமீட்டரில் செருகினான். "மைனஸ் முப்பத்தொண்ணு வருது அங்கிள். இருபத்தேழுக்குக் கீழ போனா எடுக்காது. எங்கயோ மடங்கியிருக்கு" என்றான். பேனா மாதிரி ஒரு லேசரை ஒயருக்குள் அடித்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னான். பீரோவுக்குப் பின்னால், சுவரோடு நசுங்கிய இடத்தில் ஒயர் செக்கச்செவேலென்று கசிந்தது. இருவருமாகப் பீரோவை நகர்த்தினோம். திரும்ப அளந்து மைனஸ் இருபத்தொன்றை எனக்குக் காட்டிய பிறகுதான் தண்ணீர் கேட்டான்.