வடக்குச் சுவரிலும் வெயில் விழும்

சென்னையில் இன்று 38 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது நிழலில் எடுத்த அளவு. காற்று புகுந்து போகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கும் வெப்பமானி காட்டுவது. மொட்டைமாடிக் கத்தரிச் செடி அந்த நிழலிலும் இல்லை, அந்த உயரத்திலும் இல்லை. அதன் வேர் இருப்பது சுடும் தளத்தின்மேல் வைத்த பைக்குள். தரையை ஒட்டிய காற்றுக்கென்று தனி வெப்பமும் ஈரமும் உண்டு என்று ஜெர்மானிய வானிலை அறிஞர் ருடால்ஃப் கைகர் 1927லேயே ஒரு முழு நூல் எழுதினார். நுண்காலநிலை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரே வீட்டில் நாலைந்து ஊர்களின் வானிலை இருக்கிறது. செடி வளர்ப்பில் எனக்குத் தீராத ஆசை வந்ததே இதைக் கண்டுகொண்ட பிறகுதான்.

வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பல தோட்டப் புத்தகங்கள் சொல்லும். அவை குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. நாம் இருப்பது கடக ரேகைக்குத் தெற்கே. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னையின் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே சாய்கிறது. ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி தெற்கே திரும்புகிறது. சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்து வருகிறது. பத்தடிச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் விழும். ஆனியில் அதே ஏழடியும் வெட்டவெளி வெயில். நிழல் சுவருக்குத் தெற்கே போய் இரண்டடிகூட இல்லாமல் ஒடுங்கிவிடும். தை மாதம் வடக்குச் சுவரோரம் செழித்த வெற்றிலைக் கொடி வைகாசியில் இலை கருகினால், நோய் என்று மருந்து தேட வேண்டாம். தொட்டியைத் தெற்குப் பக்கம் மாற்றினால் போதும். நம் ஊரில் கோடைக்கு இதமான பக்கம் தெற்குதான். காலையும் மாலையும் வெயில் வடகிழக்கிலும் வடமேற்கிலும் சாய்ந்து வருவதால், வீடே தெற்குப் பக்கத்துக்குக் குடை பிடிக்கிறது.

மேற்குச் சுவரின் கதை வேறு. பிற்பகல் முழுவதும் வாங்கிய சூட்டைச் செங்கல் உள்ளே வைத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல வெளியே விடும். இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். இதைத் தக்காளி தாங்காது. இரவுக் காற்று 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை. பூக்கும், காயாகாமல் உதிரும். மே மாதச் சென்னையில் இரவு அந்த 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. அப்போது எந்த உரம் போட்டாலும், எந்தக் கரைசல் தெளித்தாலும் பயனில்லை. புரட்டாசியில் விதைத்து, கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் பூக்க வைப்பதே வழி.

அந்த மேற்குச் சுவரை வெண்டைக்கும் கத்தரிக்கும் கற்றாழைக்கும் கொடுக்கலாம். அதைவிட நல்ல வேலை, அங்கே கம்பிப் பந்தல் கட்டிக் கோவைக்கொடியோ முல்லையோ ஏற்றுவது. பந்தலுக்கும் சுவருக்கும் இடையே அரையடியாவது இடைவெளி விடவேண்டும். அந்தச் சந்தில் காற்று மேலேறிச் சூட்டைக் கொண்டுபோகும். சுவர் வெயில் வாங்காது, உள்ளே படுக்கையறையும் இரவில் வேகாது. செடிக்கு நாம் இடம் தேடிக் கொடுத்தால், அது நமக்கும் ஒரு வானிலையை அமைத்துத் தருகிறது.

பசுமைக்குடில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக் குடில் குளிரில் பிறந்தது. உள்ளே வந்த சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. ஊட்டிக்கு அது பொருந்தும். அங்கே குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், உறைபனி பள்ளத்துப் புல்வெளியைப் பொசுக்கும். சரிவின் நடுவில் இருக்கும் வீட்டு ரோஜா அதே இரவில் தப்பிவிடும். பள்ளத்து வீட்டுக்காரர் குடில் கட்டத்தான் வேண்டும். சமவெளியில், நாலு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கூடாரத்தை மாசியில் மாட்டினால் பங்குனிக்குள் உள்ளே நாற்று அவிந்துவிடும். விளம்பரத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

நமக்கு ஏற்ற குடிலை நம்மவர்கள் எப்போதோ கட்டிவிட்டார்கள். சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நண்பகலில் நுழைந்து பாருங்கள். முதலில் அகத்தியை விதைத்து, அது தலைக்கு மேல் நிழல் தந்த பிறகே வெற்றிலைக் கொடியை அதன் காலடியில் நட்டுப் படரவிடுகிறார்கள். வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் ஈரம். பல இடங்களில் ஓரத்தில் வாழையும் நிற்கும். வெளியே அனல் வீச, உள்ளே பச்சை வெளிச்சமும் ஈரக்காற்றும். கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நான் பார்த்தவற்றில் அறிவுமிக்க பசுமைக்குடில் அதுதான்.

மாடியில் அதைச் செய்ய இரண்டு கூரைகள் போதும். பங்குனி முதல் ஆடி வரை 50 சதவீத நிழல்வலை. செடியின் தலையை உரசாமல், ஏழெட்டடி உயரத்தில் கட்ட வேண்டும். தாழக் கட்டினால் வலைக்கடியில் சூடு தேங்கும். கிழக்குப் பக்கம் வலையால் மறைக்கவே கூடாது. சென்னையில் கடற்காற்று வரும் வழி அது. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகவே நுழையும். நுழைந்ததும் செடிகள் நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐப்பசி பிறந்ததும் தெளிந்த பாலித்தீன் கூரை போடுங்கள், நாலு பக்கமும் திறந்தபடி. வடகிழக்குப் பருவமழையின் அடியிலிருந்து தக்காளி நாற்றையும் மிளகாய்ப் பூவையும் காப்பது அந்தக் கூரைதான். பைகளைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்; அடியில் காற்று போனால் வேர் பிழைக்கும். மண்மேல் சருகோ தேங்காய் மட்டையோ பரப்புவது இன்னொரு சின்ன நிழல்.

கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பதினோரு மணி வரை வெயில் வரும் கிழக்கு ஓரம். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் கசிவும் புதினாவுக்கு இன்னும் நல்லது. ஏ.சி.யின் வெளிப்பெட்டி அனல் ஊதும் இடத்தில் எதையும் வைக்க வேண்டாம்.

அடுத்த செடியை வாங்குமுன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். தையிலும் சித்திரையிலும் ஆனியிலும் ஐப்பசியிலும், காலை ஒன்பது, நண்பகல், மாலை நாலு என்று நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு நோட்டில் படமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்றங்காலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.