பத்தொன்பது பேரின் பாட்டு



சென்ற பதிவில் பழைய கிராமபோன் தட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை புதுசாக ஒன்று. படித்துவிட்டு, 'இந்தக் கிழவனுக்கு வயசுக்கேத்த ரசனை இல்லை' என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று ஓர் இசைக்குழு இருக்கிறது. சாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள் கொள்ளலாம். 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாகப் பத்தொன்பது பேர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. எல்லோரும் கோட்டு சூட்டு போட்டு மேடையேறினார்கள். அம்பேத்கர் படத்தில் நாம் பார்க்கும் அதே கோலம்.

பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லை நூறு வருஷத்துக்கு முன்பே அவர் முன்வைத்தார். அந்தச் சொல் இத்தனை காலம் கழித்து ஒலிபெருக்கிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இவர்கள் இசையில் வடசென்னை கானா இருக்கிறது, பறை இருக்கிறது, சட்டி இருக்கிறது. கூடவே கிதார், டிரம்ஸ், ராப். கானா எங்கே பாடப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்காகப் பாடியது. பறையும் அப்படித்தான். நம் தெருக்களில் அதைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டோம், அதுவும் வாசலோடு. அந்த இரண்டையும் நட்டநடு மேடையில் வைத்து, இடஒதுக்கீட்டைப் பற்றியும், மாட்டுக்கறியைப் பற்றியும், வடசென்னை வாழ்க்கையைப் பற்றியும் பாடுகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் பாடுகிறார்கள். அதுதான் கேட்பவரை அசைக்கிறது.

அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி, உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. கானா ஆண்களே பாடிவந்த பாட்டு. அதில் ஒரு பெண் நுழைந்து பெயர் வாங்குவது லேசான காரியமா? அதே குழுவில் பாடிய அறிவு, 2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' வழியாக உலகம் முழுக்கத் தெரிந்தார். கல்யாண வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இதையெல்லாம் எனக்கு அறிமுகம் செய்தவள் பேத்தி. அவள் கேட்பது இன்னும் கடுமையான சத்தம். அமெரிக்காவில் 'ஃபுகாசி' என்று ஒரு குழுவாம், வாஷிங்டன்காரர்கள். அந்த வகைக்குப் போஸ்ட் ஹார்ட்கோர் என்று பெயர். "முதல்ல எல்லாரும் வேகமா கத்திப் பாடினாங்க தாத்தா. அப்புறம் சில பேர் அந்தக் கோபத்தை விடாம, நிறுத்தி நிதானமா வாசிக்க ஆரம்பிச்சாங்க. அவ்ளோதான்" என்றாள். பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. கணக்கு நன்றாகப் பிடிபட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் அல்லவா?

நாலு பேர் குழு. 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பாடுபட்டார்கள். எந்த வயதினரும் உள்ளே வரலாம். குழுவின் பெயர் போட்ட சட்டை விற்க மாட்டார்கள். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. பாடகர் இயன் மெக்காய், நண்பரோடு 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் என்ற சின்ன நிறுவனத்திலேயே எல்லாத் தட்டும் வெளிவந்தது. பிறகு குழுவைக் கலைக்காமல் நிறுத்திவைத்தார்கள். 2011 முதல் பழைய கச்சேரிப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பொதுவில் வைத்தார்கள். வரவும் தெரிந்து செலவும் தெரிந்து, யாரிடமும் கை நீட்டாமல் நடத்திய குடித்தனம்.

ஐந்து டாலர் குழுவுக்கும் கீழ்ப்பாக்கம் குழுவுக்கும் இசையில் ஒட்டு உறவு கிடையாது. சொல்ல வந்ததைச் சொல்வதற்காக, சினிமாவை நம்பாமல் தங்களுக்கென்று ஒரு மேடை போட்டுக்கொண்டார்கள் என்பதில்தான் ஒற்றுமை. ஒரு வித்தியாசமும் உண்டு. வாஷிங்டனில் அந்த நாலு பேரிடம் 'நீ எந்தத் தெரு' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அங்கே எங்களுக்கு 'லா மார்செய்யேஸ்' சொல்லிக்கொடுத்தார்கள். 1792-இல் ரூழே த லீல் என்ற ராணுவ அதிகாரி எழுதியது. மார்செய் ஊரிலிருந்து பாரிசுக்கு நடந்துபோன தொண்டர்கள் பாடியதால் அந்தப் பெயர். 1795-இல் தேசப்பாட்டு ஆனது. மன்னராட்சி திரும்பியதும் தடை. 1879-இல் மறுபடி தேசிய கீதம். ஆக, தெருவில் நடந்தவர்கள் பாடிய பாட்டுக்குத்தான் இன்றைக்கு அந்த நாட்டு ஜனாதிபதியும் எழுந்து நிற்கிறார்.

இப்போது நம் பக்கத்து விஷயம். சென்ற பொங்கலுக்கு முன் நாலைந்து பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். இரண்டு பேர் தறியில் உட்காருகிறவர்கள், ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள். பறை கற்றிருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பொங்கல் விழா மேடையில் வாசிக்க வேண்டும், விழாக்குழுவுக்கு மனு எழுதித் தாங்க ஐயா என்றார்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு, "நல்ல நாளும் அதுவுமா சாவு மேளமா?" என்று பதில் வந்ததாம். சொல்லும்போது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. பார்வை என்ற இடத்தில் கூரம் செப்பேட்டைக் குறிப்பிட்டேன். பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் கொடுத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு அதில் ஏற்பாடு இருக்கிறது. கேட்பவர்களுக்காக மண்டபத்தை ஒதுக்கின மண் இது என்று ஒரு வரி சேர்த்தேன். அலுவலகத்தில் முன்னுதாரணம் காட்டினால் கோப்பு நகரும் என்பது என் அனுபவம்.

கோப்பு பாதி நகர்ந்தது. மாலை நிகழ்ச்சியில் இடமில்லை, மதியம் மூன்று மணிக்கு வாசித்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று மணி வெயிலில் மேடைக்கு எதிரே யார் இருப்பார்கள்? காலி நாற்காலிகள்தான். பிள்ளைகள் வாசித்தார்கள். நெருப்பில் காய்ச்சிய தோல் அந்த வெயிலில் இன்னும் கணீரென்று பேசியது. கொஞ்ச நேரத்தில் தறிக்கூடங்களிலிருந்து பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசி அடி வரை நின்றார்கள்.

இந்த வருஷத்து மனுவை முந்தாநாள் எழுதி முடித்தேன். மாலை ஏழு மணி கேட்டிருக்கிறோம். இம்முறை பிள்ளைகளோடு ஊர்ப் பெண்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் எழுதுகிறேன்.